யூஸ்நெட் மன்றங்கள் மூடப்பட்டதும் தணிக்கை பற்றிய கேள்வியும்

தணிக்கை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வருபவர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் சிவப்பு மையுடன் அமர்ந்திருக்கும் அதிகாரியே. அவர் ஒரு நூலைத் தடை செய்கிறார். அல்லது ஒரு திரைப்படத்தின் சில அடிகளை வெட்டி எறிகிறார். அவருடைய ஆணை எழுத்தில் இருக்கும். அதன் அடியில் கையொப்பம் இருக்கும். பாதிக்கப்பட்டவர் அந்த ஆணையைக் கையிலேந்தி நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஆனால் ஆணையும் இன்றி, கையொப்பமும் இன்றி, வழக்காட ஓர் எதிராளியும் இன்றி, திரளான மக்கள் கூடிப் பேசிவந்த மன்றங்கள் மூடப்படுமாயின், அதற்கு என்ன பெயரிடுவது? 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியை மிகத் தெளிவாக எழுப்புகிறது. அதனை ஓரளவு விரிவாக ஆராய விரும்புகிறோம். கணினித் துறையில் பழக்கமில்லாத வாசகர்களையும் மனத்திற்கொண்டு அடிப்படையிலிருந்தே தொடங்குகிறோம்.

யூஸ்நெட் என்பது யாது?

1979-ஆம் ஆண்டின் இறுதியில், வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவர் ஒரு திட்டம் வகுத்தனர். அண்மையிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் அதற்குரிய முதல் நிரலை எழுதினார். திட்டம் எளியது. ஓர் ஊரிலுள்ள கணினி, மற்றோர் ஊரிலுள்ள கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாக அழைத்து, தன்னிடமுள்ள புதிய கடிதங்களைக் கொடுத்து, அதனிடமுள்ள புதிய கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும். அக்காலத்தில் ஆர்ப்பாநெட் என்ற கணினி வலை ஒன்று இருந்தது. எனினும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோடு தொடர்புடைய நிறுவனங்களே அதிற் சேர முடியும். அந்த வாய்ப்பில்லாத கல்லூரிகளுக்கு ஏற்பட்ட இப்புதிய ஏற்பாட்டை ஏழையின் ஆர்ப்பாநெட் என்று அதன் ஆசிரியர்களே வேடிக்கையாக அழைத்தனர். இதுவே யூஸ்நெட்.

இதன் அமைப்பை நன்கு புரிந்துகொள்வது அவசியம். பின்னர் வரும் வாதம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது. யூஸ்நெட்டுக்குத் தலைமை அலுவலகம் இல்லை, உரிமையாளர் இல்லை. ஒரு சேகரத்தில் எழுதப்பட்ட சுற்றறிக்கை அடுத்த சேகரத்துக்குச் செல்கிறது. அங்கே ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு அதற்கடுத்த சேகரத்துக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களில் எல்லாச் சேகரங்களிலும் ஒவ்வொரு படி இருக்கும். எந்த ஒரு படியை அழித்தாலும் சுற்றறிக்கை அழிவதில்லை. யூஸ்நெட்டில் எழுதப்பட்ட கடிதங்களும் இவ்வாறே சர்வர் எனப்படும் கணினிகள் பலவற்றில் படிகளாகப் பரவின. கடிதங்கள் பொருள்வாரியாகச் செய்திக்குழுக்களில் அடுக்கப்பட்டிருந்தன. எந்தக் குழுக்களைத் தன் சர்வரில் வைத்துக்கொள்வது, எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பவற்றை அந்தந்தச் சர்வரின் பொறுப்பாளரே தீர்மானித்தார். அதாவது, விலக்கும் உரிமை தொடக்கமுதலே ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் இருந்தது. அது பலர் கையில் சிதறிக் கிடந்தமையால் எவருடைய விலக்கும் முழு விலக்காகவில்லை.

1987-இல் குழுக்கள் ஏழு பெரும் பிரிவுகளாக ஒழுங்குபடுத்தப்பட்டன; பின்னர் மனிதவியலுக்கென எட்டாவது பிரிவும் சேர்ந்தது. இப்பிரிவுகளில் புதிய குழு தொடங்க விவாதமும் வாக்கெடுப்பும் தேவைப்பட்டன. இந்த ஒழுங்கு எல்லோருக்கும் பிடித்ததாயில்லை. போதைப்பொருள்களைப் பற்றிப் பேசும் குழு ஒன்று வேண்டுமென்று ஜான் கில்மோர் என்பவர் கேட்டிருந்தார், அது மறுக்கப்பட்டது. பிரையன் ரீட் என்பவர் நடத்திவந்த சமையற் குறிப்புக் குழுவின் பெயரையும் இடத்தையும் அவருக்கு விருப்பமில்லாத வகையில் மாற்ற முனைந்தனர். இவ்விருவரும் வேறு சிலரும் சேர்ந்து, எவருடைய அனுமதியுமின்றி யாரும் குழு தொடங்கக்கூடிய ஆல்ட் என்ற தனிப் பிரிவை உண்டாக்கினர். பின்னாளில் உலகெங்கும் பழிக்கப்பட்ட ஒரு பிரிவின் பிறப்பில் சமையற் குறிப்புக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

எட்டுப் பிரிவுகளிலும் ஆல்ட் பிரிவிலும் மனித வாழ்வின் எல்லாப் பொருள்களும் பேசப்பட்டன. சமுதாயப் பிரிவில் தமிழர் பண்பாட்டுக்கென ஒரு குழு இருந்தது. தமிழ் எழுத்துக் கணினியில் எளிதில் வாராத அந்நாட்களில் கடல்கடந்து வாழ்ந்த தமிழர் அங்கே ரோமன் எழுத்தில் தமிழ் எழுதிக்கொண்டனர். அதே பிரிவில் கிறிஸ்தவ சமயக் குழு ஒன்றும் இருந்தது. அதற்கு ஒரு நெறியாளர் உண்டு. வரும் கடிதங்களை அவர் படித்துப் பார்த்தே வெளியிடுவார். இதனைத் தணிக்கை என்று எவரும் சொல்லவில்லை. குழுவில் சேர்ந்தோர் அந்த ஒழுங்கை அறிந்தே சேர்ந்தனர். நெறியாளர் இன்னார் என்பதும் தெரியும். அவருடைய முடிவு பிடிக்காதவர் நெறியாளர் இல்லாத வேறு குழுவில் எழுதலாம்.

ஆல்ட் பிரிவின் மற்றொரு முகத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். யூஸ்நெட் எழுத்தை மட்டும் கொண்டுசெல்லும் சாதனமாகவே அமைந்தது. ஆனால் படத்தையும் எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்பும் வழி விரைவிற் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கென்றே ஆல்ட் பிரிவில் ஓர் உட்பிரிவு வளர்ந்தது. அங்கே வானியற் படங்களும் இருந்தன. திருட்டுப் பாடல்களும் திரைப்படங்களும் இருந்தன. ஆபாசப் படங்கள் மிகுதியாக இருந்தன. அவற்றின் நடுவே சிறு குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்படும் படங்களும் இருந்தன. யூஸ்நெட்டில் ஓடிய பாரத்தில் மிகப் பெரும் பகுதி இந்த உட்பிரிவினுடையது. எழுத்துக் கடிதங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அதற்கு முன் ஒரு கைப்பிடி மணலே.

மியூனிக் நகரில் ஒரு முன்னோட்டம்

1995-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகர அரசு வழக்கறிஞர்கள், கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிளையை விசாரித்தனர். சில செய்திக்குழுக்களின் பட்டியல் ஒன்று நிறுவனத்தின் கைக்கு வந்தது. நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட குழுக்களை மூடியது. ஜெர்மானிய வாசகருக்கு மட்டும் மூடும் வசதி அதனிடம் அப்போது இல்லாமையால் உலகெங்கும் இருந்த தன் வாசகர் அனைவருக்கும் மூடியது. ஒரு நகரத்து அலுவலகத்தின் கேள்வி, மற்றொரு கண்டத்தில் இருந்தவருடைய வாசிப்பை நிறுத்தியது. கண்டனம் எழவே, அரசு வழக்கறிஞர்கள் மூடும்படி தாங்கள் ஆணையிடவில்லை என்றனர். நிறுவனமோ தனக்கு வேறு வழியில்லை என்றது. இரு தரப்பாரும் சொன்னதில் உண்மை உண்டு. அதுவே இதிலுள்ள சிக்கல். சில வாரங்களில் பெரும்பாலான குழுக்கள் மீண்டும் திறக்கப்பட்டன. கிளையின் மேலாளராயிருந்த பெலிக்ஸ் சோம் என்பவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 1998 மே மாதத்தில், அரசுத் தரப்பே விடுதலை கோரியும், இரண்டாண்டு நிறுத்திவைத்த சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1999 நவம்பரில் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நியூயார்க்கில் நடந்தது

இனி 2008-க்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக அப்போது ஆண்ட்ரூ குவோமோ இருந்தார். அவருடைய அலுவலகத்தார் சாதாரணச் சந்தாதாரர்போல நடித்து, இணையச் சேவை நிறுவனங்களுக்குப் புகார் அனுப்பினர்: இன்ன செய்திக்குழுவில் குழந்தைகளின் பாலியற் படங்கள் உள்ளன, நீக்குங்கள் என்று. புகார்கள் கவனிக்கப்படவில்லை. இத்தகைய படங்களைப் பொறுக்கமாட்டோம் என்று இந்நிறுவனங்கள் தம் சந்தா விதிகளில் எழுதி வைத்திருந்தன. எழுதியதைச் செய்யாமை வாடிக்கையாளரை ஏமாற்றும் வணிகம் ஆகும் என்று கூறி, வழக்குத் தொடரப்போவதாக அலுவலகம் எச்சரித்தது. பிறர் எழுதியதற்குச் சேவை நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்க 1996-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பெரிதும் இடங்கொடுப்பதில்லை. இங்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வழியோ வாடிக்கையாளருக்கு அளித்த வாக்குறுதி என்ற பக்கவழி. வழக்கறிஞரின் திறமையை நாம் மெச்சலாம்.

2008 ஜூன் 10-ஆம் நாள், வெரைசன், டைம் வார்னர் கேபிள், ஸ்பிரின்ட் ஆகிய மூன்று நிறுவனங்களுடன் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அலுவலகத்தின் ஆய்வில் 88 செய்திக்குழுக்களில் அத்தகைய படங்கள் கண்டறியப்பட்டன என்றும் அறிவிப்புக் கூறியது. எண்பத்தெட்டு! இந்த எண்ணை மனத்தில் வைத்து, நிறுவனங்கள் செய்ததைப் பாருங்கள். ஸ்பிரின்ட் ஆல்ட் பிரிவு முழுவதையும் நீக்கியது. ஆயிரக்கணக்கான குழுக்கள் அதில் அடங்கும். வெரைசனும் ஆல்ட் முதலியவற்றை நீக்கி, எட்டுப் பெரும் பிரிவுகளை மட்டும் வைத்துக்கொண்டது. டைம் வார்னர் கேபிள் யூஸ்நெட் சேவையையே அடியோடு நிறுத்தியது. அடுத்த மாதம் இதே ஏற்பாட்டிற் சேர்ந்த ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், ஆல்ட் பிரிவின் பட உட்பிரிவை மட்டும் நீக்கியது.

நோய் ஒன்றே, ஆனால் நால்வர் நால்வகை அளவில் அறுத்தனர். அறிவிக்கப்பட்ட நோக்கம் குழந்தைகளின் படங்களை ஒழிப்பது. எவ்வளவு அகலமாக அறுப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்ப முடிவு செய்தது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று. அந்த வசதி யாதென்று ஊகிப்பது கடினமன்று. யூஸ்நெட்டைப் பயன்படுத்திய சந்தாதாரர் சிலரே. அவர்களுக்கெனத் தனிக் கட்டணமும் இல்லை. பெருகிவரும் படங்களையும் திரைப்படங்களையும் தாங்கும் சேமிப்புச் சாதனங்களுக்கோ செலவு ஏறிக்கொண்டே இருந்தது. ஏ.ஓ.எல். நிறுவனம் எந்த அரசாங்கத்தின் நெருக்குதலும் இன்றியே 2005-இல் இச்சேவையை நிறுத்தியிருந்தது. கைவிட விரும்பிய பண்டத்தைக் கைவிடுவதற்கு மதிப்பான காரணம் ஒன்றை அரசே கொண்டுவந்து கொடுத்தால் எந்த வணிகர் மறுப்பார்? குழந்தைகளைக் காக்கிறோம் என்ற நற்பெயரும் செலவுக் குறைவும் ஒருங்கே கிடைத்தன.

எது குற்றம், எது இழப்பு?

இவ்விடத்தில் நம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தை ஒன்று கொடுமைக்குள்ளாகும் படம் கருத்து அன்று. அது நடந்து முடிந்த ஒரு குற்றத்தின் தடயம். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அக்குழந்தைக்கு மீண்டும் இழைக்கப்படும் தீங்கு. அமெரிக்க உச்சநீதிமன்றமும் 1982-ஆம் ஆண்டிலேயே, பெர்பர் வழக்கில், இத்தகைய படங்களுக்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே அந்த 88 குழுக்களில் இருந்த அப்படங்களை அகற்றியதைத் தணிக்கை என்று கூக்குரலிட்டவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. புகார் வந்தும் பாராமுகமாயிருந்த நிறுவனங்களுக்கு அதிர்ச்சி தேவைப்பட்டது என்பதும் உண்மை.

ஆனால் ஆல்ட் பிரிவில் இருந்த வேறொரு குழுவை நாம் மறந்துவிட முடியாது. சிறு வயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, பின்னர் அந்த வடுவோடு வாழ்வோர் தங்களுக்குள் பேசிக்கொள்ள அங்கே ஒரு குழு இருந்தது. மனச்சோர்வுற்றோர், தீராத நோயுற்றோர், குடியிலிருந்து மீள்வோர் என்று ஆதரவு தேடுவோர் குழுக்கள் பலவும் ஆல்ட் பிரிவிலேயே இருந்தன. காரணம் எளிது. அங்கே குழு தொடங்க விவாதமும் வாக்கெடுப்பும் வேண்டியதில்லை. தம் துயரம் பேசத்தக்க பொருள்தானா என்று அந்நியர் வாக்களிப்பதை எந்தத் துயருற்றவர் விரும்புவார்? ஆயர் பணியில் இருப்போர் இதை எளிதில் உணர்வர். நம் எதிரில் அமர்ந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாததை, முகம் தெரியாத இடத்திற் சொல்வோர் உண்டு. முப்பதாண்டு மறைத்துவைத்ததை முதன்முதலாக ஒரு புனைபெயரில் எழுதுவோர் உண்டு. கொடுமையைப் படமெடுத்தவனுடைய குழுவும், அக்கொடுமைக்கு ஆளாகித் தப்பியவள் பேசிய குழுவும் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டன. குழந்தைகளைக் காக்கவென்று செய்த ஏற்பாட்டில், அக்குழந்தைகளே வளர்ந்து பேசிய இடமும் சேர்ந்து போனது.

இதைத் தவிர்க்க வழியில்லாமல் இல்லை. மேற்சொன்ன அறிவிப்பிலேயே அவ்வழி சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வொரு படக்கோப்புக்கும் விரல்ரேகைபோல ஓர் எண்கோவையைக் கணக்கிடலாம். ஒருமுறை அடையாளங் காணப்பட்ட படம் மீண்டும் எங்கே தோன்றினாலும் அந்த எண்ணைக்கொண்டு அதைப் பிடித்துவிடலாம். படத்தை மனிதர் கண்ணால் பார்க்கவும் வேண்டியதில்லை. வழக்கறிஞர் அலுவலகம் இத்தகைய எண்களின் தொகுப்பு ஒன்றையே உண்டாக்கியிருந்தது. அடுத்த ஆண்டு, 2009-இல், மைக்ரோசாப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியின் ஹானி பரீத் என்ற பேராசிரியரும் சேர்ந்து, படத்தைச் சற்று மாற்றினாலும் ஏமாறாத இன்னும் நுட்பமான முறையை அமைத்தனர். களையை மட்டும் பிடுங்கும் கருவி கையிலிருக்க, வயலை உழுது மூடியதே இங்கு நடந்தது.

அகலமாக அடிப்பதன் விளைவு 2008-க்கு முன்பே நீதிமன்றத்தில் அளந்து காட்டப்பட்டது. பென்சில்வேனியா மாநிலம் 2002-இல் ஒரு சட்டம் இயற்றி, குழந்தைப் பாலியற் படங்கள் உள்ள இணையத்தளங்களைத் தடுக்கும்படி சேவை நிறுவனங்களைப் பணித்தது. தடுக்க வேண்டியவை 400-க்கும் குறைவு. ஆனால் பல தளங்கள் ஒரே எண் முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்தமையால், அவற்றோடு சேர்ந்து மறைந்த குற்றமற்ற தளங்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். 2004 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. சட்டம் ஒன்று இருந்தமையாலன்றோ நீதிமன்றம் அதை எடைபோட முடிந்தது? நியூயார்க்கிலோ எடைபோடச் சட்டம் எதுவும் இல்லை. மூன்று தனியார் நிறுவனங்கள் தம் விருப்பப்படி ஒரு சேவையை நிறுத்தியதாகவே ஏட்டில் இருக்கும்.

பிறர் கைகொண்டு செய்யும் தணிக்கை

இவ்வாறு அரசு தன் கையால் செய்யாமல் வணிகரின் கையால் செய்விக்கும் முறை புதியதன்று. சபை வரலாறு படிக்கும் மாணவர் இங்கிலாந்தின் அச்சுத்தொழில் வரலாற்றை நினைவுகூரலாம். 1557-இல் மேரி அரசி, லண்டன் நகரப் புத்தக வணிகர் சங்கத்துக்குப் பட்டயம் அளித்தார். அச்சிடும் தனியுரிமை சங்கத்துக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக, அனுமதியில்லாத அச்சகங்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் சங்கத்தார் ஏற்றனர். அரசிக்குக் கட்டுப்பாடு, வணிகருக்கு ஆதாயம். மன்னராட்சியோடு போராடிய பாராளுமன்றமும் 1643-இல் உரிமம் வழங்கும் முறையைப் புதுப்பித்தபோது இதே சங்கத்தையே நாடியது. அடுத்த ஆண்டு மில்டன் வெளியிட்ட அரியோபஜிட்டிகா அம்முறையை எதிர்த்து எழுந்ததே. தன் கட்சியார் ஆட்சியில் இருந்தபோது அவர் அதை எழுதினார் என்பது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. உரிமச் சட்டம் இறுதியாகக் காலாவதியானது 1695-இல்.

நியூயார்க் நிகழ்ச்சிக்கு இன்னும் நெருக்கமான ஒப்புமை அமெரிக்காவிலேயே உண்டு. ரோட் ஐலண்ட் மாநிலம் 1956-இல் இளைஞரின் நல்லொழுக்கத்தை ஊக்குவிக்கும் ஆணையம் ஒன்றை அமைத்தது. அவ்வாணையத்துக்கு எந்த நூலையும் தடை செய்யும் அதிகாரம் இல்லை. அது செய்ததெல்லாம் புத்தக விநியோகஸ்தர்களுக்குக் கடிதம் எழுதியதே. இன்னின்ன நூல்கள் இளைஞருக்கு ஏற்றவையல்ல என்று கருதுகிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி. பட்டியலின் படி காவல்துறைக்கும் அனுப்பப்பட்டுள்ளது என்ற பாங்கில் அக்கடிதங்கள் அமைந்தன. சில நாள் கழித்துக் காவலர் ஒருவர் கடைக்கு வந்து, என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பார். விநியோகஸ்தர் நூல்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். யார்தான் அனுப்பமாட்டார்? பதிப்பகத்தார் வழக்குத் தொடர்ந்தனர். நாங்கள் அறிவுரையே வழங்கினோம் என்று மாநிலம் வாதாடியது. 1963-இல் உச்சநீதிமன்றம், பேன்டம் புக்ஸ் வழக்கில், இது மறைமுகமான தணிக்கை முறையே என்று கண்டு, அரசியற் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது.

அத்தீர்ப்பின் நுட்பம் இதுதான்: விற்பவனுக்கும் எழுதியவனுக்கும் உள்ள அக்கறை ஒன்றன்று. எழுதியவன் தன் நூலுக்காகப் போராடுவான். நூறு நூல்களை விற்பவனுக்கு அதில் ஒன்று போனால் பெரிய நட்டமில்லை. காவலர் வந்து நிற்பதே பெரிய நட்டம். ஆகவே சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமானதோ அதை அழுத்தினால் ஓசையின்றிக் காரியம் முடியும். இணையச் சேவை நிறுவனம் இத்தகைய கண்ணியே. மன்றத்திற் பேசியவருக்கு அம்மன்றம் உயிர். நிறுவனத்துக்கு அது மாதச் சந்தாவில் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த ஒரு சிறு இணைப்பு.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்குத் தன் சர்வரில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை இல்லையா? உண்டு. நாம் முன்னரே கண்டபடி யூஸ்நெட்டின் அமைப்பே அந்த உரிமையின்மேல் கட்டப்பட்டது. ஒரு நூலகர் எல்லா நூல்களையும் வாங்குவதில்லை. அவரைத் தணிக்கையாளர் என்று நாம் சொல்வதில்லை. ஏ.ஓ.எல். 2005-இல் செய்ததைப் பற்றி வருந்தலாம், குறைகூற முடியாது. ஆயினும், நூலகர் தாமாக ஒரு நூலை விலக்குவதும், வழக்குத் தொடரப்போவதாக எச்சரிக்கும் அதிகாரி வாயிலில் நிற்கையில் ஓர் அலமாரியையே காலி செய்வதும் ஒன்றாகா. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதே இம்முறையின் வலிமை. அதிகாரியைக் கேட்டால், நான் 88 குழுக்களைப் பற்றியே பேசினேன், மற்றவற்றை மூடியது நிறுவனத்தின் முடிவு என்று கூறலாம். நிறுவனத்தைக் கேட்டால், அரசோடு செய்த உடன்பாட்டை நிறைவேற்றினோம் என்று கூறலாம். இருவருக்கும் நடுவே, தன் மன்றத்தை இழந்தவர் யாரிடம் முறையிடுவார்?

அண்மைக் காலத் தீர்ப்புகள் இரண்டு இக்கேள்வியின் கூர்மையைக் காட்டுகின்றன. 2024 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், மீண்டும் நியூயார்க்கிலிருந்தே வந்த ஒரு வழக்கில், 1963-ஆம் ஆண்டின் கொள்கையை ஒருமனமாக உறுதிப்படுத்தியது. துப்பாக்கி உரிமைச் சங்கம் ஒன்றோடு உறவை அறுத்துக்கொள்ளும்படி காப்பீட்டு நிறுவனங்களை மாநில அதிகாரி ஒருவர் நெருக்கினார் என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டு. அது மெய்யாயின் அரசியற் சட்டத்துக்கு மாறானதே என்று நீதிமன்றம் கூறி, வழக்குத் தொடர இடமளித்தது. சங்கத்தின் கொள்கை நமக்கு உவப்பானதா என்பது இங்குப் பொருட்டன்று. அடுத்த மாதமே வந்த மர்த்தி வழக்கில், கூட்டாட்சி அரசின் நெருக்குதலால் சமூக ஊடகங்கள் தங்கள் பதிவுகளை நீக்கின என்று முறையிட்டவர்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியில்லை என்று ஆறு நீதிபதிகள் முடிவு செய்தனர். நீக்கியது நிறுவனத்தின் சொந்த முடிவா, அரசின் நெருக்குதலா என்பதை இணைத்துக் காட்ட அவர்களால் முடியவில்லை. கொள்கை நிலைத்தது, ஆனால் அக்கொள்கையைக் கையிலெடுக்க எளிய வாசகருக்கு வழி குறுகியது. 2008-இல் ஆல்ட் பிரிவை இழந்த ஒருவர் நீதிமன்றம் சென்றிருந்தாலும் இதே சுவரில்தான் முட்டியிருப்பார் என்று எண்ணுகிறோம்.

அதன் பின்னர்

மூடியவை மீண்டும் திறக்கப்படவில்லை. ஏ.டி. அண்ட் டி., வெரைசன் ஆகிய இரண்டும் எஞ்சியிருந்த குழுக்களையும் சேர்த்து 2009-இல் சேவையை முற்றிலும் நிறுத்தின. வெரைசன் விட்டுவைத்த எட்டுப் பிரிவுகள்மீது யாரும் குற்றஞ்சாட்டியதில்லை. எனினும் அவை முதல் அறுப்புக்குப் பின் ஓராண்டுக்குச் சற்று மேலாகவே நீடித்தன. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே மாதத்தில் தன் சர்வரை நிறுத்தியது. பயன்படுத்துவோர் குறைந்ததும் செலவும் அங்கே காரணம். பழைய கடிதங்களைத் திரட்டி வைத்திருந்த டேஜா நியூஸ் நிறுவனத்தை 2001-இல் வாங்கிய கூகுள், 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் கடிதங்களை ஏற்பதையும் காட்டுவதையும் நிறுத்திவிட்டது. பழையவற்றைத் தேடிப் படிக்கும் வசதி மட்டும் விட்டுவைக்கப்பட்டது.

பட உட்பிரிவை நாடியவர்கள் கலங்கவில்லை. மாதக் கட்டணம் பெற்று யூஸ்நெட் முழுவதையும் வழங்கும் தனி நிறுவனங்கள் 2008-க்கு முன்பே இருந்தன; பின்பும் இருக்கின்றன. ஒரு படியை அழித்தால் மறுபடி இருக்கும் என்ற பழைய அமைப்பு அவர்களுக்கு உதவியது. எழுத்துக் குழுக்களை மட்டும் இலவசமாக வழங்கும் சர்வர்களையும் சில ஆர்வலர்கள் தங்கள் சொந்தச் செலவில் நடத்திவருகின்றனர். அவற்றுள் ஒன்றுக்கு முடிவிலாச் செப்டம்பர் என்று பொருள்படும் பெயர். முன்னாளில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிக்கு வரும் புதிய மாணவர் யூஸ்நெட்டில் நுழைந்து, ஒழுங்கறியாது சில வாரம் இரைச்சலிட்டுப் பின் அடங்குவர்; 1993 முதல் புதியவர் வருகை ஓயவேயில்லை என்று பழையவர்கள் அலுத்துக்கொண்டதன் நினைவு அப்பெயரில் இருக்கிறது. இவ்விடங்களைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் 2008-இலும் தேடிச் சென்றார். தன் சேவை நிறுவனம் கொடுத்த ஒரே வாயிலை மட்டும் அறிந்து, புனைபெயரில் தன் துயரை எழுதிவந்தவருக்கு, ஒரு நாள் காலையில் அக்குழுவின் பெயர் பட்டியலில் இல்லை.